பால் கொடுத்தால் கரு தங்காதா?

நர்சம்மா பதில்கள்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், ஈரோடு மாவட்டம்

கேள்வி: நர்சம்மா, எனக்கு சிசேரியன் ஆகி நாலு மாதம் ஆகிறது. தாய்ப்பால்தான் கொடுக்கிறேன். ராத்திரி நான் தூங்கட்டும் என்று அத்தை ஒரு வேளை மட்டும் பாட்டில் பால் புகட்டுகிறார். மாதவிலக்கு இன்னும் வரவில்லை. "பால் குடிக்கிற வரைக்கும் அடுத்தது நிக்காது, எனக்கு நாலும் அப்படித்தான்" என்கிறார் அத்தை. நம்பலாமா?
- பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம்

பதில்: கண்ணு, உங்க அத்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

தாய்ப்பால் கருவைத் தடுக்கும். ஆனால் குழந்தைக்கு 6 மாதம் நிரம்பியிருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, தாய்ப்பால் தவிர பாட்டில் பால், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கொடுத்திருக்கக் கூடாது. பகலில் 4 மணி நேரத்துக்கு மேலோ இரவில் 6 மணி நேரத்துக்கு மேலோ பால் கொடுக்காமல் விடவும் கூடாது. அத்தனையும் சரியாக இருந்தால் 100 பேரில் 98 பேருக்குக் கரு தங்காது. உங்களுக்கு அந்த ராத்திரி பாட்டில் கெடுத்துவிட்டது. குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதுதான் கருமுட்டையை வெளியே வராமல் பிடித்து வைக்கிறது. அத்தை காலத்தில் பிள்ளையை விடிய விடிய மாரிலேயே போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள், பாட்டில் ஏது?

மாதவிலக்கு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். முட்டை முந்தி வரும், விலக்கு அதற்கு இரண்டு வாரம் பிந்தித்தான் வரும். அந்த முதல் முட்டையிலேயே கரு தங்கிவிட்டால் விலக்கையே பார்க்காமல் முழுகாமல் இருப்பீர்கள். 9 மாதத் தட்டம்மை ஊசிக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள், சேலைக் கொசுவம் தூக்கிக்கொண்டு நிற்கும். "வாயுங்க நர்சம்மா" என்பார்கள். படுக்க வைத்துக் கையை வைத்தால் அஞ்சு மாத வயிறு. அப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! உங்களுக்கோ கர்ப்பப்பையில் தையல் வேறு. அது நன்றாக ஆற வேண்டும். அடுத்த கருவுக்கு 2 வருடமாவது இடைவெளி விடுங்கள்.

முதல் வேலையாக, காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் அட்டைப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரே கோடு, அதாவது கரு இல்லை என்று வந்தாலும், சமீபத்தில் கணவரோடு சேர்ந்திருந்தால் மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அதுவரை நிரோத் (ஆணுறை).

பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் கருத்தடை முறைகள் எல்லாம் இலவசம். கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர்-டி 380ஏ 10 வருடம் வரும், 375 என்றால் 5 வருடம். அந்தரா ஊசி 3 மாதத்துக்கு ஒன்று. சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. லக்னோ ஆய்வகத்தில் நம் நாட்டவர் கண்டுபிடித்தது. முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. இவை மூன்றும் பாலைக் கெடுக்காது. மாலா-என் மாத்திரை மட்டும் இப்போது வேண்டாம், குழந்தைக்கு 6 மாதம் ஆகட்டும். அதிலிருக்கும் ஈஸ்ட்ரோஜன் பால் சுரப்பைக் குறைக்கலாம். கைக்குழந்தைக்காரி எதையும் மறப்பாள் என்பதால், என்னைக் கேட்டால் காப்பர்-டிதான் சொல்வேன். உங்களுக்கு எது ஒத்துவருமோ அதை எடுங்கள்.

கேள்வி: பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்துதான் டிஸ்சார்ஜ் அட்டையைப் பார்த்தேன், காப்பர்-டி போட்டதாக எழுதியிருக்கிறது. என்னை யாரும் கேட்கவே இல்லை சிஸ்டர். எடுக்கச் சொன்னால் எடுப்பார்களா? அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
- ஒரு வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள் காப்பர்-டி போடுவது நல்ல முறைதான். 48 மணி நேரம் வரையிலும் போடலாம். ஆனால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். அதையும் செக்கப்புக்கு வரும் மாதங்களிலேயே உட்கார வைத்துக் கேட்க வேண்டும். வலியில் கத்துகிறவளிடம் "போடட்டுமா?" என்று கேட்டு அவள் தலையை ஆட்டினால் அதுகூட சம்மதம் ஆகாது. 104 சுகாதார உதவி எண்ணுக்கு போன் செய்து புகார் சொல்லுங்கள்.

எடுக்கச் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, கணவர் கையெழுத்தும் வேண்டாம். பிரசவத்தோடு போட்டதில் காப்பர்-டியின் நூல் உள்ளேயே சுருண்டிருக்கலாம். டாக்டருக்குத் தென்படாவிட்டால் ஸ்கேனில் தெரியும். தானாக விழுந்துவிடுவதும் உண்டு, அதனால் ஆறாவது வாரம் கட்டாயம் காட்டுங்கள். காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் அதுவரைக்கும் காத்திருக்காதீர்கள். நெஞ்சுக்கு ஏற அங்கிருந்து வழியே கிடையாது. எடுத்த மாதமே கரு தங்கலாம் என்பதால், வேறு முறையை முடிவு செய்துகொண்டு எடுக்கப் போங்கள்.

கேள்வி: அந்தரா ஊசி போட்டதிலிருந்து விலக்கே வரவில்லை. கெட்ட ரத்தம் உள்ளே தேங்குமா?
- ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: தேங்காது. கர்ப்பப்பையின் உள்சுவர் வளர்ந்தால்தானே உதிர வேண்டும்? ஊசி அதை வளர விடுவதில்லை. முதல் மாதங்களில் விட்டு விட்டுப் படுவதும் உண்டு. அடுத்த ஊசித் தேதியைத் தவற விடாதீர்கள். போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். ஊசியை நிறுத்தினாலும், கடைசி ஊசியிலிருந்து கரு தங்க 7 முதல் 10 மாதம் ஆகலாம், சீக்கிரம் அடுத்தது வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது.

கேள்வி: மனைவிக்கு இரண்டும் சிசேரியன். மறுபடியும் அவள் வயிற்றில் கை வைக்க மனசு வரவில்லை. நான் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டால் பலம் போய்விடும் என்கிறார் அம்மா.
- ஒரு வாசகர், பவானி

பதில்: தம்பி, நல்லா இருங்க. தழும்பில்லா நவீன வாசக்டமியில் கத்தியும் கிடையாது, தையலும் கிடையாது. மரத்துப்போகிற ஊசி போட்டுச் செய்வார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். விந்தணு போகிற குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். ஆண்மைக்கான ஹார்மோன் எப்போதும்போல ரத்தத்தில் கலந்துகொண்டேதான் இருக்கும். பலம் எங்கும் போகாது. இரண்டு சங்கதி மட்டும் கேளுங்கள். இதைத் திரும்பச் சரிசெய்யலாம் என்ற நினைப்பில் செய்யக் கூடாது, மூன்றாவது வேண்டாம் என்பதில் இருவரும் உறுதியாக இருக்க வேண்டும். அடுத்தது, செய்த அன்றைக்கே பலன் கிடைக்காது. 3 மாதம் நிரோத் போட்டு, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வந்த பிறகு நிறுத்துங்கள். அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.