அமெரிக்காவில் தனியார் பண்ணைக்குள் இருக்கும் டிஸ்க் கால்ஃப் (தட்டையான பிளாஸ்டிக் டிஸ்க்கை எறிந்து கூடையில் விழவைக்கும் ஆட்டம்) களத்தில் ஆட என்ன தெரிந்திருக்க வேண்டும்?

டிஸ்க் கால்ஃப் களங்களைக் காட்டும் யூடிஸ்க் செயலியில் களம் தெரிகிறது என்று நேரே கிளம்பிவிடாதீர்கள். முன்பதிவு, கட்டணம், வண்டி நிறுத்துமிடம், நாய்க்கு அனுமதி எல்லாம் களக் குறிப்பில் இருக்கும்.

கேட் திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விடுங்கள். நல்லெண்ணத்தில் மூடினாலும் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழி அடைபடலாம்.

அறுப்புக்கு நிற்கும் தீவனப் புல்லில் டிஸ்க் விழுந்தால் கூட்டமாக மிதித்துத் தேட வேண்டாம். சாய்ந்த புல் இயந்திரத்தில் சரியாக வெட்டுப்படாது. கிடைக்காவிட்டால் உரிமையாளரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் துண்டுகள் தீவனக் கட்டில் சேர்ந்துவிடும். பச்சை டிஸ்க்கை வீட்டிலேயே வையுங்கள், ஆரஞ்சு நல்லது.

வேலிக்கு அப்பால் எல்லைக்கு வெளியே என்று குறித்திருந்தால் ஓர் எறி அபராதம். எல்லை கடந்த இடத்திலிருந்து 1 மீட்டர் வரை உள்ளே வந்து எறியலாம். மின்வேலியைத் தாண்டாதீர்கள். கூடைக்குப் போகும் வழியில் கன்றோடு பசு நின்றால், அந்தக் கூடையையே விட்டுவிடுங்கள்.