பதில்: 15.75 நாணயம் என்று வருகிறதே, எங்கே தவறு?

உங்கள் சமன்பாடு சரிதான். 2 ரூபாயும் 5 ரூபாயுமாக 40 நாணயங்கள், மொத்தம் 143 ரூபாய்; ஒவ்வொன்றும் எத்தனை என்பதுதான் கேள்வி. 5 ரூபாய் நாணயங்கள் 'அ' என்றால் மற்றவை 40 − அ. ஆக 5அ + 2(40 − அ) = 143. இதுவரை குறையில்லை.

அடுத்த வரியில்தான் சறுக்கல். அடைப்பை நீக்கும்போது 5அ + 80 − அ என்று எழுதியிருக்கிறீர்கள்; அதனால்தான் 4அ = 63, அ = 15.75 என்று வந்தது. வெளியே நிற்கும் 2 உள்ளே இருக்கும் இரண்டையும் பெருக்க வேண்டும்: 5அ + 80 − 2அ = 143. அப்படியானால் 3அ = 63, அ = 21. இரண்டு ரூபாய் 19. சரிபாருங்கள்: 105 + 38 = 143.

அந்த 3 எங்கிருந்து வந்தது என்று புரிந்தால் இந்தத் தவறு திரும்ப வராது. நாற்பதும் 2 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 80 ரூபாய்தான் தேறும், 63 குறைகிறது. ஒரு 2 ரூபாயை எடுத்துவிட்டு 5 ரூபாய் வைத்தால் 3 ரூபாய் கூடும். 63-ஐ ஈடுகட்ட 21 முறை மாற்ற வேண்டும். நான் டியூஷன் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன், சமன்பாடு பிறகு.

விடை பின்னமாக வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், முக்கால் நாணயம் கிடையாது. கணக்கில் சறுக்கல் இல்லையென்றால் கேள்வியே அச்சுப்பிழை; தொகை 144 என்றிருந்தால் 64-ஐ மூன்றால் வகுக்க முடியாதே!

பழைய புத்தகத்தில் 25 காசு வரும் (2011-லேயே செல்லாமல் போய்விட்டது). அப்போது எல்லாவற்றையும் காசாக மாற்றிக்கொள்ளுங்கள், தசமப் புள்ளித் தொல்லை இருக்காது.