மிதக்கும் கண்ணாடித் தூளும் தங்கள் மகளின் படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

பாலிமர் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள், உள்ளீடற்ற கண்ணாடி நுண்கோளங்களை (உள்ளே வெறுமையான மிகச் சிறிய கண்ணாடி உருண்டைகளை) ஆய்வுத் திட்டத்துக்கு எடுத்திருப்பதாகவும், இவ்வளவு குறுகிய பொருளை நம்பினால் வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்பொருளைத் தயாரிக்கும் நிறுவனங்களை மட்டும் நம்பினால் கிடைப்பது கடினம்தான். ஆனால் அதை வாங்கிக் கலப்பவர்கள் வாகன உதிரிபாகம், பெயின்ட், விரிசல் நிரப்பும் புட்டிப் பசை, எண்ணெய்க் கிணற்றுச் சிமென்ட், ஆழ்கடல் மிதவை எனப் பல தொழில்களில் இருக்கிறார்கள். 2012-இல் திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியின் அடிக்குத் தனியாக இறங்கிய கலத்தின் பெரும்பகுதியே, இக்கோளங்களைப் பிசினில் கலந்து செய்த நுரைப்பொருள்தான்.

பார்வைக்கு இது வெள்ளை மாவு. ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். திடக் கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம் என்றால், இதன் அடர்த்தி ரகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 0.12 முதல் 0.60 வரைதான். எடை குறையக் குறையச் சுவர் மெலிந்து கோளம் எளிதில் நொறுங்கும் என்பதால், எந்த ரகத்தை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் இத்தொழிலின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 0.90 அடர்த்தியுள்ள பாலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் 90 கிராமோடு 0.60 அடர்த்தியுள்ள கோளங்கள் 10 கிராம் சேர்ந்தால் கலவையின் அடர்த்தி 0.86 ஆகக் குறையும். அதே கோளங்கள் எக்ஸ்ட்ரூடரின் (பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து தள்ளும் இயந்திரத்தின்) திருகில் அரைபட்டு முழுவதும் உடைந்துவிட்டால், மிஞ்சுவது திடக் கண்ணாடித் துண்டுகளே என்பதால் அது 0.96 ஆகிவிடும்; அதாவது, எடையைக் குறைக்கச் சேர்த்த பொருளே எடையைக் கூட்டிவிடும். பிளாஸ்டிக் உருகிய பிறகே பக்கவாட்டுத் திறப்பு வழியாகக் கோளங்களைச் செலுத்துவது இதனால்தான். எடை குறைந்தாலும் தாக்குவலிமையும் குறையும். அதை ஓரளவு ஈடுகட்டக் கோளங்களின் மேற்பரப்புக்குச் சிலேன் என்ற, கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் பிணைக்கும் வேதிப்பொருளால் பூச்சுக் கொடுப்பார்கள். நேர்முகத் தேர்வில் இத்தனையையும் தன் கையால் அளந்த எண்களோடு சொல்லக்கூடிய மாணவியை எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்கள் என்பது என் கணிப்பு. பல தலைப்புகளை மேலோட்டமாகத் தொட்டு வருபவர்களைவிட, இப்படி ஒன்றை ஆழமாக அறிந்தவர்களைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

ஆகவே திட்டத்தை மாற்றச் சொல்லாதீர்கள். தற்குறிப்பில் மட்டும் 'கண்ணாடி நுண்கோளம்' என்பதை முன்னிறுத்தாமல் 'கலவை வடிவமைப்பு, இலகுவாக்கம்' என்று எழுதச் சொல்லுங்கள். டால்க் என்ற கனிமத் தூள், கண்ணாடி இழை, அனல்மின் நிலையச் சாம்பலில் கிடைக்கும் மிதக்கும் கோளங்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் திட்டத்தின் பரப்பும் விரியும். தூள் காற்றில் எளிதில் பறக்கும். முகக்கவசம் இல்லாமல் அதைக் கையாள வேண்டாம் என்பதைத் தந்தையாகத் தாங்களும் ஒருமுறை சொல்லிவையுங்கள்.

ஆய்வகத்தில் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர் இருக்கிறதா என்பதை வழிகாட்டிப் பேராசிரியரிடம் தங்கள் மகள் இப்போதே கேட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால், மெதுவாகக் கிளறினாலே போதுமான எபாக்சிப் பிசினுக்குத் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். அதற்குத் தராசும் வார்ப்பு அச்சும் வலிமை சோதிக்கும் இயந்திரமும் இருந்தால் வேலை நடந்துவிடும்.