கீழே 2 டிகிரி, மேலே?

கேள்வி: ஜனவரி கடைசியில் நண்பர்கள் நாலு பேர் உத்தராகண்டில் கேதார்கந்தா மலை ஏறப் போகிறோம். கொடைக்கானல் குளிர்தான் நான் பார்த்ததிலேயே பெரிய குளிர். செல்போனில் 2 டிகிரி என்று காட்டுகிறது. ஸ்வெட்டர், ஜீன்ஸ் போதுமா அக்கா?
- வாசகர், கரூர்

பதில்: தம்பி, செல்போனில் எந்த ஊரைப் பார்த்தீர்கள்? சாங்க்ரி என்றால் அது அடிவாரக் கிராமம், சுமார் 6,400 அடி. நீங்கள் ஏறப்போகும் உச்சி 12,500 அடி. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி குறையும். கீழே 2 என்றால் மேலே மைனஸ் 10. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் அடித்தால், மூடாத கன்னத்துக்கு அது மைனஸ் 20 மாதிரி.

இதைவிட எனக்குப் பயம் ஈரம்தான். ஒருமுறை எங்களோடு வந்த பையன் உள்ளே பருத்தி பனியன் போட்டிருந்தான். ஏற்றத்தில் வியர்த்து ஊறிவிட்டது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்தோம், பத்து நிமிஷம் இருக்கும். ஜெர்கின் ஜிப்பை இழுக்கப் பார்க்கிறான், விரல் ஜிப்பைத் தொடுகிறது, பிடிக்க வரவில்லை. "நல்லாத்தான் இருக்கேன்க்கா" என்று சொன்னபோது நாக்கு குழறியது. உடம்புச் சூடு இறங்குவதன் அடையாளம் அதுதான், அவனுக்கே தெரியாது. பனியனைக் கழற்றிக் காய்ந்த தெர்மலை (குளிருக்கான உள்ளாடை) மாட்டிவிட்டு, சர்க்கரை போட்ட வெந்நீர் கொடுத்து, அப்படியே இறக்கிக் கூட்டிவந்தோம். உச்சி கண்ணெதிரேதான் இருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் திரும்பியது சரி என்பேன்.

அதனால் ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி எதுவுமே வேண்டாம், சாக்ஸ் உட்பட. உள்ளே தெர்மல், நடுவில் ஃபிலீஸ் (கம்பளி மாதிரி மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை), மேலே காற்றும் ஈரமும் புகாத ஜெர்கின். வியர்க்கத் தொடங்கும் முன்பே ஒன்றைக் கழற்றிவிடுங்கள், நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள். இரவுக்கென்று ஒரு செட் துணி பிளாஸ்டிக் பையில் கட்டி இருக்கட்டும், மழையே பெய்தாலும் அதைத் தொடாதீர்கள். விடியற்காலைப் பனி கண்ணாடிபோல் இறுகியிருக்கும், ஷூவில் மைக்ரோஸ்பைக் (வழுக்காமல் இருக்க அடியில் மாட்டும் இரும்பு முள்) மாட்டாமல் கால் வைக்காதீர்கள். கூலிங் கிளாஸ் கட்டாயம், வெயில் பட்ட பனி கண்ணைக் கெடுத்துவிடும்.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், அப்போது மூடிப் பக்கம் அடைக்காது. செல்போன் சட்டைக்குள் இருக்கட்டும், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும்.

அப்புறம், வானிலைத் துறையின் டேராடூன் முன்னறிவிப்பைத் தினமும் பாருங்கள். 'மேற்கத்திய இடையூறு' என்றிருந்தால், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வருகிறது, பனி கொட்டும் என்று அர்த்தம். வழிகாட்டி இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தலைவலியோடு வாந்தியும் வந்தால் ஏறாதீர்கள், இறங்குங்கள்.

ஊர் திரும்பும் ரயில் டிக்கெட்டை மட்டும் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் பனிக்குள் நடக்க வேண்டாம்.