எல்லாரும் தூங்கிய பிறகு

கேள்வி: வயது 36, சிங்கப்பூரில் யீஷூனில் வசிக்கிறேன். வாரத்தில் 3 இரவாவது, வீட்டில் எல்லாரும் தூங்கியதும் மிச்சச் சோறு, ரொட்டி, பிஸ்கட் என்று வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறேன். மறுநாள் பட்டினி. சிறு வயதில் அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பார், சாப்பாட்டுத் தட்டு பறக்கும். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அம்மா, “வாயைக் கட்டு” என்கிறார்.

பதில்: தொடர்பு இருக்கலாம். இதை எழுதவே உங்களுக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

1985இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உடற்பருமனுக்குச் சிகிச்சை தந்த டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி ஒன்றைக் கவனித்தார். எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டார்கள். பேசிப் பார்த்தால், பலர் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். சிறு வயதுக் கொடுமைக்கும் பிற்கால உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியே பிறகு 17,000க்கும் அதிகமானோரிடம் நடந்த ஆய்வாக விரிந்தது. 1998இல் வந்த அதன் முதல் முடிவுகள் அந்தத் தொடர்பைக் காட்டின.

அடிக்குப் பயந்து வளரும் குழந்தையின் உடம்பு எந்நேரமும் உஷாராகவே இருக்கப் பழகிவிடும். வளர்ந்த பிறகும் மனம் பதறினால் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கும், பசி கிளம்பும். இனிப்பும் சோறும் அந்தப் பதற்றத்தைக் கொஞ்ச நேரம் அமர்த்தும். அதோடு பகல் முழுக்கப் பட்டினி என்றால், இரவில் எந்த வாயும் கட்டுப்படாது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அடிபட்டு வளர்ந்த எல்லாருக்கும் இப்படி வருவதில்லை. பரம்பரையும் கடுமையான டயட்டும்கூடக் காரணமாகலாம்.

இது ‘பிஞ்ச் ஈட்டிங்’ கோளாறாக, அதாவது கட்டுப்படுத்த முடியாமல் அளவுக்கு மீறிச் சாப்பிடும் கோளாறாக இருக்கலாம். மறுநாள் பட்டினி கிடப்பதால் புலிமியாவா (அப்படிச் சாப்பிட்டதை ஈடுகட்டப் பட்டினி கிடப்பது, வாந்தி எடுப்பது போன்றவையும் சேர்ந்த கோளாறு) என்றும் பார்க்க வேண்டும். நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்வது சரியல்ல.

முதல் வேலை, நாளைக் காலையிலிருந்தே பட்டினியை நிறுத்துவது. முந்தின இரவு எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் பசியாறுங்கள், மதியமும் சாப்பிடுங்கள். அப்புறம் அரசாங்க மருந்தகமான பாலிகிளினிக் போங்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உணவுக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பாலிகிளினிக் பரிந்துரையோடு போனால் கட்டணச் சலுகை கிடைக்கும். சிகிச்சை பெரும்பாலும் பேச்சுவழிதான். பழைய கதை முழுவதையும் முதல் நாளே சொல்லியாக வேண்டும் என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

வாந்தி எடுப்பதோ பேதி மாத்திரை போடுவதோ உண்டென்றால் மட்டும் மறைக்காதீர்கள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறலாம். மயக்கமோ படபடப்போ வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இரவில் மனம் தாங்காமல், உயிரோடு இருக்க வேண்டுமா என்றுகூடத் தோன்றினால் 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

டாக்டர் முன்னால் வாய் வரவில்லையா? எனக்கு எழுதிய இதே கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.