காயமும் காலி இடமும்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில், என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் அணியொன்று காயம்பட்ட வீரரை 'இன்ஜர்டு ரிசர்வ்' பட்டியலுக்கு மாற்றினால் அவர் குறைந்தது நான்கு ஆட்டங்கள் ஆடக் கூடாதாமே? இரண்டே வாரத்தில் தேறிவிட்டவரை உட்காரவைப்பது அநியாயம் இல்லையா?

பதில்: இல்லை. இரண்டு வாரத்தில் தேறக்கூடியவரை அந்தப் பட்டியலுக்கு அனுப்பும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 53 பேர் கொண்ட அணியிலேயே வைத்துக்கொண்டு, ஆட்டத்தன்று ஓய்வு கொடுக்கலாம். எப்படியும் அன்று களமிறங்கும் தகுதி அதிகபட்சம் 48 பேருக்குத்தான். ஆனால் அணிகளுக்கு வேண்டியது அவர் விட்டுப்போகும் இடம். அதில் புதிதாக ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். நான்கு ஆட்ட விதி மட்டும் இல்லையென்றால், லேசான சுளுக்கைக் காட்டி, விட்டுக்கொடுக்க மனமில்லாத வீரர்களை எல்லாம் அங்கே பதுக்கிவிடுவார்கள். 2011 சீசனில்கூட அந்தப் பட்டியலில் ஏறியவருக்கு அந்த ஆண்டு ஆட்டம் அதோடு முடிந்தது. இப்போது ஓர் அணி வழக்கமான சீசனில் எட்டு முறை அங்கிருந்து ஆள் மீட்கலாம். இது போதாதா?

அந்த ஓர் இடம் எவ்வளவு அரியது என்பதற்கு 2023ஐப் பாருங்கள். நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ஆரன் ராஜர்ஸுக்கு முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. நவம்பர் இறுதியில் பயிற்சிக்குத் திரும்பினார். அந்தப் பட்டியலில் இருப்பவரைப் பயிற்சி தொடங்கி 21 நாட்களுக்குள் 53 பேரில் ஒருவராகச் சேர்க்காவிட்டால், அந்த சீசனில் ஆட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை. அணி பிளேஆஃப் வாய்ப்பை இழந்த பிறகும், கெடு முடியும் நேரத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் பயிற்சியைத் தொடர்வதற்காக, ஃபுல்பேக் எனும் நிலையில் ஆடும் ஒருவர் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ராஜர்ஸ் அந்த ஆண்டு மீண்டும் ஆடவே இல்லை.

அநியாயம் வேண்டுமானால் சம்பளத்தில் தேடுங்கள். நட்சத்திரம் காயம்பட்டுப் படுத்தாலும் ஒப்பந்தச் சம்பளம் குறையாது. புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தேர்வாகாமல் உள்ளே வந்த இளைஞரிடமோ 'ஸ்ப்ளிட்' ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் இரண்டு தொகைகள் இருக்கும். அணியில் இருந்தால் பெரியது, காயப் பட்டியலுக்குப் போனால் சிறியது. அவருடைய முழங்காலும் அதே களத்தில், அதே அணிக்காகத்தானே உடைந்தது? மருத்துவச் செலவு அணியுடையது என்பது மறுவாழ்வுக் காலத்தின் வாடகையைக் கட்டிவிடாது. வீரர் சங்கம் 2020இல் ஏற்ற ஒப்பந்தம் 2030 சீசன் வரை நீடிக்கிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் சங்கம் முதலில் கேட்க வேண்டியது, அந்தச் சிறிய தொகையை ஒழிப்பதைத்தான்.