மூச்சு வாங்குவது உயரத்தாலா?

கேள்வி: கொழுந்து எடுக்கும் என் அம்மாவுக்கு மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது. உயரம்தான் காரணமா, டொக்டர்?
– வாசகி, நுவரெலியா

பதில்: உயரத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன், மகள். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்திலும் காற்றில் ஒட்சிசன் 21 வீதம்தான்; அழுத்தம்தான் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கேயே வளர்ந்த உடம்புக்கு அது பழகியிருக்கும். எனக்குப் பயம் அடுப்பில்தான். நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதி என் அம்மா இருமிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களைப் புகை முடக்கிவிடும். வருடக்கணக்கில் போனால் மூச்சுக்குழாய்கள் சுருங்கி, இழுத்த காற்றை முழுதாக வெளியே விட முடியாமல் போகும். இரத்தச்சோகை இருந்தாலும் இப்படி மூச்சு வாங்கும். அதனால் இந்தக் கிழமையே கிளினிக்குக்குக் கூட்டிப் போய் நெஞ்சையும் இரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை காய்ந்த விறகு, திறந்த ஜன்னல். அப்புறம், நெஞ்சுவலியோ கால்வீக்கமோ வந்தால் கிளினிக் நாள் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.